காட்டுக்கு அடியில் நிலக்கரி: தரையைக் குறைவாகத் தொட்டுச் சுரங்கம் திட்டமிடுவது எப்படி?

கேள்வி இது: "நிலக்கரி 300 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே காடு, நடுவே ஓர் ஓடை. நிலத்தடிச் சுரங்கம் போட்டால் மேலே ஒன்றும் ஆகாது என்கிறார்களே, உண்மையா? ஆய்வுத் துளையிலிருந்து சுரங்கம் திறப்பது வரை தரையைக் கெடுக்காமல் திட்டமிட என்ன செய்ய வேண்டும்?"

ஒன்றும் ஆகாது என்பது உண்மையில்லை. ஆனால் எவ்வளவு ஆகும் என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. அதைத் தீர்மானிக்கும் முடிவுகள் சுரங்கம் தோண்டத் தொடங்கும் முன்பே, வரைபட மேசையில் எடுக்கப்பட்டுவிடும். துளைகளுக்குப் பாதை எப்படி, மீத்தேனை எங்கிருந்து உறிஞ்சுவது, பேனல் (ஒரே தொகுதியாக வெட்டி எடுக்கும் நிலக்கரிப் பகுதி) எவ்வளவு அகலம், வாசல் எங்கே என்ற இந்த முடிவுகளில் பிழை செய்துவிட்டு, பிறகு மரம் நட்டு ஈடுகட்ட முடியாது.

தமிழ் வாசகர்கள் பலருக்கும் நிலக்கரி என்றால் நெய்வேலிதான் கண்முன் வரும். அது திறந்தவெளிச் சுரங்கம். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருப்பது இறுகாத மணலும் களிமண்ணும், கீழே இருப்பது அழுத்தத்தில் நிற்கும் நிலத்தடி நீர். அந்த இடத்துக்கு நிலத்தடி முறை பொருந்தாது. இங்கே பேசப்போவது கோதாவரிப் பள்ளத்தாக்கு, ராணிகஞ்ச், அமெரிக்காவின் கொலராடோ, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் போன்ற இடங்கள். அங்கெல்லாம் கூரை மணற்பாறை, களிப்பாறை. உள்ளே நுழைந்து வேலை செய்யலாம்.

முதலில் ஆய்வுத் துளைகள். ஒரு துளையின் விட்டம் ஒரு சாண் கூட இல்லை. எச்.க்யூ. என்னும் வழக்கமான அளவில் துளை 96 மில்லிமீட்டர், வெளியே வரும் கோர் (உருளை வடிவப் பாறை மாதிரி) 63.5 மில்லிமீட்டர். இதனால் காட்டுக்கு என்ன கேடு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இந்தியாவில் நீண்டகாலமாக வழக்கில் உள்ள கணக்கின்படி, ஒரு துளையைச் சுற்றி 200 மீட்டருக்குள் இருக்கும் நிலக்கரியே நிரூபிக்கப்பட்ட இருப்பு. அதாவது துளைகள் 400 மீட்டர் இடைவெளியில் வேண்டும். 10 சதுர கிலோமீட்டர் பரப்பை இப்படிக் கட்டம் போட்டால் ஏறக்குறைய 63 துளைகள். லாரி ரிக் (லாரியில் ஏற்றிய துளையிடும் இயந்திரம்) நிற்க 20க்கு 30 மீட்டர் மேடை என்று வைத்தால் 63 மேடைக்கும் சேர்த்து 3.8 ஹெக்டேர். ஒவ்வொரு மேடைக்கும் 400 மீட்டர் புதுப்பாதை, 4 மீட்டர் அகலம் என்றால் பாதை மட்டும் 25 கிலோமீட்டர், 10 ஹெக்டேர். மேடைகள் தின்பதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் பாதை தின்கிறது. இன்னொன்று, மேடை ஒரு புள்ளியோடு நின்றுவிடும். பாதையோ காட்டைத் துண்டு துண்டாக அறுக்கும். சரிவில் வெட்டினால் மழைநீருக்கு வாய்க்காலாகும். ஆள் போக்குவரத்துக்கும் விறகு வெட்டுக்கும் நிரந்தர வழியாகவும் மாறிவிடும்.

அதனால் ஆய்வுத் திட்டத்தில் முதலில் கைவைக்க வேண்டியது பாதை நீளத்தில். பழைய மர வண்டிப் பாதை, மின்கம்பித் தடம், தீத்தடுப்புக் கோடு எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துவிட்டு, அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் எத்தனை துளைகளை நகர்த்தலாம் என்று பாருங்கள். கட்டத்தின் நேர்த்திக்காக ஒரு துளை காட்டின் நடுவே நிற்க வேண்டிய அவசியமில்லை. 400 மீட்டர் என்பது உச்சவரம்பு. அதற்குள் துளையை எங்கே வைத்தாலும் கணக்கு நிற்கும்.

புவியியல் எளிமையாக இருக்கும் இடத்தில் எண்ணிக்கையையும் குறைக்கலாம். அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனத்தின் 1983ஆம் ஆண்டு வகைப்பாட்டில் அளவிடப்பட்ட இருப்புக்கான வட்டத்தின் ஆரம் கால் மைல், அதாவது 400 மீட்டர்; துளைகளுக்கு இடையே 800 மீட்டர். அந்த இடைவெளியில் இதே 10 சதுர கிலோமீட்டருக்குப் 16 துளைகள் போதும். ஆனால் பிளவுகள் மிகுந்த கோதாவரிப் பள்ளத்தாக்கில் துளையைக் குறைத்துவிட்டுத் துணைக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தால், பின்னால் உள்ளே போய் மாட்டிக்கொள்ள வேண்டிவரும். 3 மீட்டர் தடிமனுள்ள அடுக்கில் (சுரங்கத்தில் சீம் என்பார்கள்) 3 மீட்டர் பெயர்ச்சியுள்ள ஒரு பிளவு குறுக்கே வந்தால், லாங்வால் முகப்பு (நீண்ட சுவர்போன்ற நிலக்கரியை இயந்திரம் வெட்டிக்கொண்டே முன்னேறும் இடம்) அங்கேயே நின்றுவிடும். அந்தப் பிளவு இரண்டு துளைகளுக்கு நடுவே ஓடினால் துளைகளில் அது தெரியவே தெரியாது.

துணைக்கு வருவது சீஸ்மிக் அளவாய்வு, அதாவது அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் அலையைக் கொண்டு அடியிலுள்ள பாறையை அறிவது. அதிர்வூட்டும் லாரிகளைக் கொண்டு செய்தால் அவற்றுக்கே தடம் வெட்ட வேண்டும், நோக்கம் கெட்டுவிடும். கம்பியில்லாப் பதிவுப் பெட்டிகளை ஆட்கள் தோளில் சுமந்து போய் வைத்து, கைத்துளையில் சிறு வெடி வைத்து எடுப்பதுதான் காட்டுக்கு ஏற்றது. தரவு நன்றாக இருந்தால் 5 மீட்டர் அளவுள்ள பிளவு வரை பிடிபடும். அதைவிடச் சிறியதைச் சுரங்கத்துக்குள்ளிருந்து போடும் கிடைத்துளைகளுக்கு (கிடைமட்டத் துளைகளுக்கு) விட்டுவிடலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிரித்துத் தூக்கிச் செல்லும் ரிக் இன்னொரு வழி. மேடை 8க்கு 8 மீட்டர் போதும், வண்டிப்பாதை வேண்டாம், ஒற்றையடிப் பாதையே போதும். ஆனால் சக்தி குறைவு. ஆழம் கூடும்போது எச்.க்யூ.விலிருந்து என்.க்யூ.வுக்கு இறங்க வேண்டிவரும், கோர் 47.6 மில்லிமீட்டராக மெலியும். மெலிந்த கோரில் நிலக்கரி நொறுங்கும், வாயுச் சோதனைக்கு மாதிரி குறையும். மூன்று குழாய் கொண்ட கோர் பேரல் போட்டு, அடுக்குப் பகுதியில் 95 சதவீதம் கோர் கைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அதே இடத்தில் இன்னொரு துளை, அதற்கு இன்னொரு மேடை. காட்டைக் காப்பாற்றச் சிறிய ரிக் கொண்டுபோய், கோர் நொறுங்கி இரண்டு முறை துளைத்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

ஒரே மேடையிலிருந்து கிளை பிரித்துத் துளைக்கலாமே என்று அடிக்கடி கேட்பார்கள். மிக ஆழமான நிலக்கரிக்கு அது நல்ல வழி. ஆனால் 300 மீட்டர் ஆழத்தில் 400 மீட்டர் பக்கவாட்டில் போக வேண்டுமென்றால் துளை சராசரியாக 53 டிகிரி சாய வேண்டும். ஆய்வு ரிக்கில் ஆப்பு வைத்துத் திருப்பும் முறையில் அது நடக்காது. அந்த ஆழத்தில் கிளைத்துளை சில பத்து மீட்டர் தள்ளி இன்னொரு மாதிரி எடுக்கத்தான் உதவும்.

துளையின் எண்ணிக்கையைக் குறைக்கிறோம் என்றால், போடும் ஒவ்வொரு துளையிலிருந்தும் எடுக்கக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். நிலக்கரியின் தடிமன், சாம்பல் அளவு மட்டும் பார்த்து மூடிவிடுவது பெரிய வீண். காமா, அடர்த்தி, ஒலிவேகப் பதிவுகள், சுவரின் படம், கூரைப் பாறையின் வலு, நீர் ஊடுருவும் அளவு, வாயு எல்லாம் அதே பயணத்தில் முடிய வேண்டும். பின்னால் நிலம் எவ்வளவு இறங்கும் என்று கணிக்கும்போது கூரைக்கு மேலே 100 மீட்டரில் இருக்கும் கனத்த மணற்பாறையின் வலுதான் கைகொடுக்கும். அந்தப் பகுதியைக் கோர் எடுக்காமல் அரைத்துக்கொண்டே போயிருந்தால், அந்த எண்ணுக்காக மறுபடியும் காட்டுக்குள் ரிக் போகும்.

துளையிடப் பயன்படும் சேறு கலக்கக் குழி தோண்டாமல் இரும்புத் தொட்டி வைக்கலாம். மேல்மண்ணை 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை தனியே வழித்து ஓரத்தில் 2 மீட்டருக்கு மேல் உயராமல் குவித்து, அதே பருவத்தில் திரும்பப் பரப்பினால் அதிலுள்ள விதையும் வேரும் உயிரோடு இருக்கும். இரண்டு மழைக்காலம் குவியலாகக் கிடந்த மண்ணில் களைதான் முளைக்கும்.

அடுத்து, துளையை மூடுவது. இதைப் பலர் கடைசி நாள் வேலையாக நினைக்கிறார்கள், உண்மையில் சுரங்கத்தின் பாதுகாப்பே இதில் இருக்கிறது. மூடாத துளை, மேலேயுள்ள நீர்த்தாங்கிப் பாறையையும் கீழேயுள்ள சுரங்கத்தையும் இணைக்கும் குழாய். பத்து ஆண்டு கழித்து முகப்பு அந்தத் துளையை வெட்டும்போது தண்ணீரோ வாயுவோ கொட்டும். மேலே காட்டில் ஊற்றும் கிணறும் வற்றும்.

மேலிருந்து சிமென்ட் கரைசலை ஊற்றக் கூடாது. பாதிவழியில் விளிம்பில் தங்கி அடைத்துக்கொள்ளும், கீழே வெற்றிடம் நிற்கும், மேலிருந்து பார்த்தால் நிரம்பியதுபோலவே தெரியும். துளைக்கும் தண்டை அடிவரை இறக்கி, அதன் வழியே பம்ப் செய்து, கரைசல் ஏற ஏறத் தண்டைத் தூக்கிக்கொண்டே வர வேண்டும். 96 மில்லிமீட்டர் விட்டம், 300 மீட்டர் ஆழம் என்றால் கொள்ளளவு 2.17 கன மீட்டர். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு எடையில் அரைப்பங்கு தண்ணீர் என்று கலந்தால் 2.65 டன் சிமென்ட், அதாவது 50 கிலோ மூட்டையில் 53. சுவரின் மேடுபள்ளத்துக்காகக் கொஞ்சம் கூட்டி 60 மூட்டை வரை எதிர்பார்க்கலாம். 40 மூட்டையிலேயே வாய்க்கு வந்துவிட்டால் கீழே எங்கோ அடைப்பு. 80 போயும் வரவில்லை என்றால் வெடிப்பு, அல்லது வரைபடத்தில் இல்லாத பழைய சுரங்க வேலை. அது எல்லாரையும் நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டிய செய்தி. துளையின் வாயில் முதலில் சேற்றுத் தண்ணீர் வரும், பிறகு வெளிறிய சாம்பல் நிறம், பிறகு கெட்டியான கரைசல். கெட்டியானது வரத் தொடங்கியதும் ஒரு லிட்டரை எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே போன கலவை 1.83 கிலோ. வெளியே வருவதும் அந்த எடைக்கு வரும்வரை பம்ப்பை நிறுத்தக் கூடாது. 1.6 காட்டினால் இன்னும் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

நிலக்கரி அடுக்கைக் கடக்கும் இடத்தில் இரும்புக் கேசிங்கை (துளையின் சுவரைத் தாங்கும் குழாயை) விட்டுவிட்டு வரக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெட்டும் இயந்திரத்தின் பல்லில் அது சிக்கினால் பொறி பறக்கும். அங்கே கண்ணாடியிழைக் கேசிங் போடுவது அதற்காகத்தான்.

இனி மீத்தேன். தரைக்கு வரும் கேடு எங்கிருந்து வரும் என்று திட்டமிடுபவர்கள் எதிர்பார்க்காத இடம் இதுதான். கொலராடோவில் சாமர்செட் ஊருக்கருகே உள்ள வெஸ்ட் எல்க் சுரங்கம் இதற்கு நல்ல சான்று. லாங்வால் முறையில் வெட்டும் நிலத்தடிச் சுரங்கம், நிலக்கரி வெளியே வரும் வாசலோ காட்டுக்கு வெளியே. ஆனால் வாயு அதிகம். நிலக்கரியை எடுத்தபின் கூரை இடிந்து கிடக்கும் வெற்றிடத்தை கோஃப் என்பார்கள். அதில் சேரும் மீத்தேனை உறிஞ்ச, ஒவ்வொரு பேனலுக்கும் மேலே தரையிலிருந்து கிணறுகள் போட வேண்டும். ஒவ்வொரு கிணற்றுக்கும் மேடை, ஒவ்வொரு மேடைக்கும் பாதை. மேலே இருப்பதோ கன்னிசன் தேசியக் காட்டின் பாதையற்ற பகுதி, அதாவது புதுப்பாதை போடத் தடையுள்ள நிலம். 2012இல் கொலராடோவின் பாதையற்ற நிலங்களுக்கு விதி வகுத்தபோது, இந்த நார்த் ஃபோர்க் நிலக்கரிப் பகுதியில் 19,000 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தில் தற்காலிகப் பாதை போட விலக்கு கொடுத்தார்கள். 2014இல் நீதிமன்றம் அதை நீக்கியது. 2016இல் வனத்துறை திரும்பக் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடியும் நீக்கியது. பைலட் நாப் என்ற ஒரு பகுதியை விலக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளும் மாற்றை அதிகாரிகள் உரியபடி ஆராயவில்லை என்பதே காரணம். இத்தனை ஆண்டு வழக்கும் நிலக்கரி வாசலைப் பற்றியதில்லை. வாயுக் கிணற்றுக்கும் ஆய்வுத் துளைக்கும் போகும் பாதையைப் பற்றியது.

இந்தத் தேவை முன்பே தெரிய ஒரே வழி, ஆய்வுத் துளையின் கோரை உடனே காற்றுப்புகாக் குடுவையில் அடைப்பது. கோர் துளையில் மேலேறும்போதே வாயு கசியத் தொடங்கிவிடும். அதனால் அடுக்கை வெட்டிய நேரம், கோர் தரைக்கு வந்த நேரம், மூடியை இறுக்கிய நேரம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். குடுவையை அடுக்கின் வெப்பநிலையில் வைத்து, முதலில் சில நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் கிடைக்கும் நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டி, குடுவைக்கு முன்பே போன வாயுவைக் கணக்கிடலாம். குடுவையில் வந்தது, அரைத்துப் பார்க்கும்போது மிச்சம் வருவது இரண்டையும் அதோடு கூட்டினால் ஒரு டன்னுக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும்.

அடுக்கை மட்டும் அளந்துவிட்டு நிற்பது பரவலான பிழை. லாங்வால் கோஃபுக்கு வரும் வாயுவில் பெரும்பங்கு மேலேயும் கீழேயும் உள்ள, நாம் வெட்டாத மெல்லிய அடுக்குகளிலிருந்து வரலாம். வெட்டும் நிலக்கரியில் உள்ளதைப்போலப் பல மடங்கு வாயு வெளிவருவதற்கு அதுதான் காரணம். அந்த மெல்லிய அடுக்குகளையும் குடுவையில் அடைத்திருந்தால் தரைக்கிணறு வேண்டுமா வேண்டாமா என்பது திட்ட நிலையிலேயே தெரியும். தெரியாமல் போனால், சுரங்கம் ஓடும்போது மீத்தேன் ஏறி, அவசரத்தில் காட்டுக்குள் பாதை வெட்டச் சொல்லிக் கோப்பு வரும். அமெரிக்காவில் வேலை முகப்பில் 1 சதவீதத்தில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், 1.5இல் ஆட்கள் வெளியேற வேண்டும். இந்தியாவில் 1.25. வெடிக்கும் எல்லை 5 முதல் 15 சதவீதம். உள்ளே ஆட்கள் இருக்கும்போது இந்த எண்களோடு பேரம் பேச முடியாது. காடுதான் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். அதனால்தான் முன்கூட்டியே வழி பார்க்க வேண்டும் என்கிறேன்.

வழி என்ன? சுரங்கத்துக்குள்ளிருந்தே திசை திருப்பித் துளைப்பது. பக்கவழியில் (பேனலின் ஓரமாக ஓடும் சுரங்கப்பாதையில்) ஒரு ரிக் வைத்து, அடுக்குக்குள்ளேயே 1,000 மீட்டருக்கு மேல் கிடைத்துளை ஓட்டலாம். வெட்டுவதற்கு ஆறு மாதம், ஓராண்டு முன்பே வாயு வடியத் தொடங்கும். இடையிடையே கூரையைத் தொட்டுவிட்டு இறங்கினால் அடுக்கின் ஏற்ற இறக்கமும் சிறு பிளவுகளும் தெரியும். தரையிலிருந்து போட வேண்டிய ஆய்வுத் துளைகளில் ஒரு பகுதியே இதனால் தேவைப்படாமல் போகிறது. கோஃப் வாயுவுக்கு, அடுக்குக்கு மேலே பல மீட்டர் உயரத்தில் பேனலின் நீளவாக்கில் இன்னொரு கிடைத்துளை. கூரை இடியும்போது அது நொறுங்காமல், ஆனால் வெடிப்புகள் எட்டும் உயரத்தில் நிற்க வேண்டும். மிகத் தாழ்வாக வைத்தால் முதல் இடிவிலேயே அறுந்துபோகும், மிக உயரத்தில் வைத்தால் வாயு வராது. மேலே குடுவையில் அளந்த மெல்லிய அடுக்குகள் இருக்கும் உயரம் பொதுவாக நல்ல தொடக்கப் புள்ளி.

இதற்கும் வரம்பு உண்டு. வாயு ஊடுருவாத இறுக்கமான நிலக்கரியில் கிடைத்துளை மெதுவாகத்தான் வடிக்கும். அதற்குப் பக்கவழிகள் முகப்பைவிட வெகு முன்னால் போயிருக்க வேண்டும், அதாவது அந்தப் பணத்தை முன்கூட்டியே உள்ளே போட வேண்டும். அளவுக்கு மீறி உறிஞ்சினால் கோஃபுக்குள் காற்று இழுக்கப்பட்டு நிலக்கரி தானே கனலத் தொடங்கும். கார்பன் மோனாக்சைடை விடாமல் கவனிக்க வேண்டும். உறிஞ்சிய வாயுவில் மீத்தேன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வெடிக்கும் எல்லை நெருங்குகிறது என்று எச்சரிக்கையாக வேண்டும். அப்படியே காற்றில் விடுவது வளிமண்டலத்துக்குப் பெரிய கேடு. ஒரு டன் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 28 டன் கரியமில வாயுவுக்குச் சமம். எரித்தால் 2.75 டன் ஆகிறது.

தரைக்கிணறு இல்லாமல் முடியவே முடியாது என்றால், இருக்கும் பாதையோரத்தில் ஒரே மேடை போட்டு அங்கிருந்து சாய்வாக அடுக்குக்குள் நுழைந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கிணறு போடலாம். விலை அதிகம். மலையில் பத்துப் பாதை வெட்டி, பராமரித்து, மூடும் செலவோடு ஒப்பிட்டால் அவ்வளவு அதிகமில்லை.

வாசல். 250 மீட்டர் ஆழத்துக்கு 1க்கு 4 சரிவில் ஓர் இன்க்ளைன் (சாய்வான நுழைவுப்பாதை) வெட்டினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். 5.5க்கு 3.5 மீட்டர் குறுக்களவில் 19,000 கன மீட்டருக்கு மேல் பாறை வரும். உடைத்தபின் ஒன்றரை மடங்கு உப்பி 29,000 ஆகும். 5 மீட்டர் உயரத்துக்குக் குவித்தாலும் சரிவுகளோடு சேர்த்து முக்கால் ஹெக்டேர் போகும், ஒரு வாசலுக்கு மட்டும். ஆகவே பழைய வாசல், பழைய குழி கிடைத்தால் அதுவே மேல். தெலங்கானாவில் சிங்கரேணியின் அட்ரியாலா லாங்வால் சுரங்கத்துக்கு ராமகுண்டம் திறந்தவெளிச் சுரங்கத்தின் சுவரிலிருந்தே நேராக உள்ளே நுழைந்தார்கள். ஏற்கெனவே தோண்டிய குழியின் அடியிலிருந்து தொடங்குவதால் இன்க்ளைன் நீளமும் குறைகிறது, புதுத் தரையும் வேண்டாம். ஆனால் திறந்த குழியில் மழைவெள்ளம் தேங்கினால் நேராகச் சுரங்கத்துக்குள் இறங்கும். வாசலைக் குழியின் அடிமட்டத்திலிருந்து உயர்த்தி வைத்து, வெள்ளத்தடுப்பு அணையும் பம்ப்பும் கட்டாயம் வேண்டும்.

காற்றுப்போக்குக் கிணறு காட்டுக்குள்தான் வந்தாக வேண்டும் என்றால் கீழிருந்து மேலாக அகலப்படுத்தும் ரெய்ஸ் போரிங் முறையைக் கேளுங்கள். மேலிருந்து ஒரு சிறு வழிகாட்டித் துளை இறக்கி, கீழே சுரங்கத்துக்குள் பெரிய வெட்டுத்தலையை மாட்டி மேலே இழுப்பார்கள். 5 மீட்டர் விட்டம், 300 மீட்டர் ஆழமுள்ள கிணற்றில் வரும் ஏறத்தாழ 5,900 கன மீட்டர் பாறை முழுவதும் கீழே விழுந்து கன்வேயரில் போய்விடும். மேலே பாறைக் குவியலும் இல்லை, லாரியும் இல்லை. இழுக்கும்போது சுவருக்குப் பூச்சு இருக்காது என்பதால், மேற்பகுதியில் உளுத்த பாறையும் நீரும் இருந்தால் சரிந்துவிடும். அந்த மேல் 20, 30 மீட்டரை மட்டும் முதலில் தோண்டிக் கான்கிரீட் வளையம் போட்டுவிட வேண்டும்.

இப்போது ஓடைக்கும் நிலம் இறங்குவதற்கும் வருவோம். நிலக்கரியை முழுதாக எடுத்துக் கூரையை இடியவிட்டால், தரை எவ்வளவு இறங்கும் என்பது பாறையைப் பொறுத்தது. பிரிட்டனின் வலுக்குறைந்த பாறைகளில் எடுத்த தடிமனில் 90 சதவீதம் வரை, நியூ சவுத் வேல்ஸில் 60, 65 சதவீதம் வரை. 3 மீட்டர் எடுத்தால் அங்கே உச்சமாக ஏறத்தாழ 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மரத்துக்குத் தாழ்வைவிடக் கேடு இழுவை. தரை வளையும்போது ஓரங்களில் இழுபட்டு வெடிக்கும். இழுவை, தாழ்வை ஆழத்தால் வகுத்த விகிதத்தோடு கூடும். 1.5 மீட்டர் தாழ்வு 300 மீட்டர் ஆழத்தில் மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் என்றால், 100 மீட்டர் ஆழத்தில் அதுவே 15. ஆழம் குறைந்த பகுதியில் அதே முறையில் வெட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பாதிப்பு பேனலின் விளிம்போடு நிற்காது, வெளியே சாய்ந்து பரவும். நியூ சவுத் வேல்ஸில் இந்தச் சாய்வை 26.5 டிகிரி என்று வைப்பார்கள், பிரிட்டனில் 35. 300 மீட்டர் ஆழத்துக்கு அது 150 மீட்டர் அல்லது 210 மீட்டர். ஓடையை முழுதாகக் காக்க இரு கரையிலும் 150 மீட்டர் விட்டால், 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 25 லட்சம் டன் நிலக்கரி உள்ளே தங்கும். இந்த எண்ணைப் பார்த்ததும் நிர்வாகம் பின்வாங்கும். "ஓடைதானே, கொஞ்சம் இறங்கட்டும்" என்பார்கள். நியூ சவுத் வேல்ஸின் வாரட்டா ரிவுலெட் ஓடையில் என்ன நடந்தது என்று அப்போது காட்ட வேண்டும். பள்ளத்தாக்கின் இரு சரிவும் உள்நோக்கி நெருங்கும், நடுவே ஓடைப் படுகைப் பாறை மேல்நோக்கிப் புடைத்து வெடிக்கும், தண்ணீர் வெடிப்புக்குள் போய்விடும். அங்கே குளங்கள் வற்றின. சரிவான பள்ளத்தாக்கில் வெறும் தாழ்வுக் கணக்கு போட்டு "சிறிதுதான்" என்று எழுதுவது தவறு என்பதற்கு அது கண்முன் உள்ள சான்று.

நடுவழிகள் உண்டு. ஓடைக்கு அடியில் மட்டும் கேலரி (சுரங்கப்பாதை) வெட்டித் தூண்களை நிரந்தரமாக விட்டுவிடலாம். இந்திய விதியின் தூண் அட்டவணைப்படி, 240 முதல் 360 மீட்டர் ஆழத்தில் 4.8 மீட்டர் கேலரிக்கு மையத்திலிருந்து மையம் 45 மீட்டர். அப்படி வெட்டினால் 20 சதவீத நிலக்கரி கிடைக்கும், தரை ஏறக்குறைய அசையாது. இன்னொரு வழி பேனலைக் குறுக்குவது. அகலம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது இங்கே 100 மீட்டருக்குள் இருந்தால், மேலேயுள்ள கனத்த மணற்பாறை பாலம்போல நின்று தரையைத் தாங்கும். ஆனால் கவனம். இடியாமல் தொங்கும் பாறை தன் எடையை முகப்பின் மேல் ஏற்றும். 1990இல் சத்தீஸ்கர் பகுதியிலுள்ள சுர்ச்சா சுரங்கத்தில் கூரைக்கு மேலே இருந்த கடினமான டாலரைட் பாறை தொங்கி உடைந்து, முகப்பின் தாங்கிகளையே நொறுக்கியது. தரையைக் காக்கும் பாறையே உள்ளே இருப்பவருக்கு ஆபத்தாக முடியும். ஆகவே குறுகிய பேனல், அதன் பக்கத்தூண் அகலம், தாங்கியின் திறன் மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். முதலில் சொன்ன கூரைப்பாறைச் சோதனைகள் இங்கேதான் கைகொடுக்கும்.

மணல் நிரப்புவது இந்தியாவில் பழைய முறை. எடுத்த இடத்தைத் தண்ணீரோடு மணலைப் பாய்ச்சி நிரப்பினால் தரை சில சதவீதமே இறங்கும். ஒரு டன் நிலக்கரி விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப ஒரு டன்னுக்கு மேல் மணல் வேண்டும். அது எங்கிருந்து வரும்? ஆற்றிலிருந்து. ஆற்று மணல் அள்ளினால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காட்டின் காயத்தை ஆற்றுக்கு மாற்றுவதை நான் தீர்வாக ஏற்கமாட்டேன். பக்கத்தில் திறந்தவெளிச் சுரங்கம் இருந்தால் அதன் மேல்மண் பாறையை நொறுக்கிச் சலித்துப் பயன்படுத்தலாம். அனல்மின் நிலையச் சாம்பலும் பயன்படும், ஆனால் நுண்துகள் என்பதால் தண்ணீர் மெதுவாக வடியும், தடுப்புச் சுவருக்குப் பின்னே அழுத்தம் ஏறி உடைத்துக்கொண்டு வரும். வடிகால் இல்லாத சுவர் கட்டிச் சாம்பல் பாய்ச்சக் கூடாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் தரையைத் தொடாவிட்டாலும் காட்டுக்கு அடியில் தோண்ட 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் (2023இல் பெயர் மாற்றப்பட்டது) கீழ் முன் அனுமதி வேண்டும். கீழே பரவும் முழுப் பரப்புக்கும் அது பொருந்தும். வாசலுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு இருந்தால் பாதியில் நிற்க நேரும்.

கடைசியாக, தரை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க நடும் அளவுக் கற்கள். பேனலின் நடுவே நீளவாக்கில் ஒரு வரிசையும் குறுக்கே ஒரு வரிசையும், ஆழத்தில் இருபதில் ஒரு பங்கு இடைவெளியில், இங்கே 15 மீட்டருக்கு ஒன்றாக நடுங்கள். பாதிப்பு எட்டாத தூரத்திலிருந்து வரிசையைத் தொடங்குங்கள். முதல் கல்லே இறங்கினால் எதோடு ஒப்பிடுவது? முகப்பு வருவதற்கு முன்பே ஒரு முழு ஆண்டு, மழையும் கோடையும் சேர்த்து, கற்களின் மட்டத்தையும் ஓடையின் நீரளவையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்து வையுங்கள். கருங்களிமண் கோடையில் தானே வெடிக்கும், மழையில் தானே உப்பும். முன்பதிவு இல்லாவிட்டால் எந்த வெடிப்பு சுரங்கத்தால் வந்தது, எது வெயிலால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வெடிப்பு வந்தால் அடியில் கல், அதன்மேல் களிமண், கடைசியாக மேல்மண் என்று நிரப்பி, சற்றே மேடாக விட்டுவிடுங்கள். அடுத்த மழைக்கு அது இறங்கிச் சமமாகும். முகப்பு கடந்தபின்னும் தரை சில மாதங்கள் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் முதல் பேனல் முடிந்ததும் கற்கள் காட்டும் தாழ்வைக் கணிப்போடு ஒப்பிட்டுவிட்டு, ஓடைக்கு அருகே வரும் பேனலின் அகலத்தை அதன் பிறகே முடிவு செய்யுங்கள். ஓடையை எட்டாத பேனலை முதலில் வெட்டும்படி வரிசையை அமைக்கச் சொல்வது அதற்காகத்தான்.